ஜென்னி லீயை ஆசிரியர் என்று சொல்லலாமா?

கேள்வி: வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆசிரியர் சங்கத்தின் காலாண்டு இதழில், வகுப்பறையிலிருந்து நாடாளுமன்றத்துக்குப் போனவர்களைப் பற்றி ஒரு தொடர் எழுதி வருகிறேன். அடுத்த இதழுக்கு ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜென்னி லீயைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் உருவாக முதன்மையான காரணமாக இருந்தவர் என்பதால் அவர் மீது எனக்குத் தனிப்பட்ட ஈர்ப்பும் உண்டு. இடைநிலை ஆசிரியையாகப் பணியில் இருந்துகொண்டே, இரவில் ஒப்படைப்பு எழுதி, ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்பு வகுப்புக்குப் பேருந்து ஏறி, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில்தான் நான் பட்டம் பெற்றேன்.

கட்டுரையை எழுதத் தொடங்கிய பிறகுதான் ஒரு தயக்கம் வந்தது. அவர் பள்ளியில் கற்பித்தது 1926க்கும் 1929க்கும் இடைப்பட்ட குறுகிய காலம் மட்டுமே. அதன்பின் அவர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உயிரோடு இருந்தார். வகுப்பறைக்குத் திரும்பவே இல்லை. இப்படிப்பட்டவரை "ஆசிரியராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினர் ஆனவர்" என்ற வரிசையில் வைப்பது நேர்மையாகுமா? அந்தச் சில ஆண்டுகளின் சாயல் அவருடைய அரசியல் வாழ்வில் எங்காவது உண்மையிலேயே தெரிகிறதா? அல்லது எனக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக நானே அதைத் தேடிப் பொருத்துகிறேனா? அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: பனியூரான்

வணக்கம் அம்மா. நான் வேலை நிமித்தமாக ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஜென்னி லீ 1904 நவம்பர் 3 அன்று பிறந்த லாக்கெல்லி இங்கிருந்து அதிகத் தொலைவில்லை. இன்று அங்கே நிலக்கரிச் சுரங்கம் எதுவும் இயங்கவில்லை. ஆனால் அவர் பிறந்தபோது அந்த வட்டாரம் முழுவதும் சுரங்கத்தை நம்பித்தான் உலை வைத்தது. அவருடைய தந்தை சுரங்கத் தொழிலாளி. பாட்டனார் மைக்கேல் லீ ஃபைஃப் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர்களில் ஒருவர். அன்று தொழிற்கட்சியோடு இணைந்திருந்த சமதர்ம அமைப்பான சுயேச்சைத் தொழிற்கட்சியின் கூட்டங்களும் வாக்குவாதங்களும் அந்த வீட்டில் அன்றாடச் சோற்றைப் போல இருந்தன. ஆகவே அவருக்கு அரசியல் பள்ளிக்கூடத்திலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்தே வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கௌடன்பீத்தில் பள்ளிப் படிப்பை முடித்து எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, கட்டணத்துக்குக் கை கொடுத்தது கார்னகி அறக்கட்டளை. ஆண்ட்ரூ கார்னகி இதே ஃபைஃபின் டன்ஃபெர்ம்லின் நகரில் நெசவாளியின் மகனாகப் பிறந்து அமெரிக்காவுக்குப் போய் இரும்பாலை அதிபரானவர். 1892இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் தொழிற்சங்கம் நசுக்கப்பட்ட கதை இங்குள்ள தொழிலாளர்களுக்கும் தெரிந்ததுதான். அவருடைய பணத்தில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள் படித்துச் சமதர்மம் பேசியதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் பட்டப் படிப்பை முடித்த 1926, பொது வேலைநிறுத்தம் நடந்த ஆண்டு. மே மாதத்தில் மற்றத் தொழிற்சங்கங்கள் ஒன்பது நாளில் பணிக்குத் திரும்பிவிட்டன. சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் கதவடைப்பில் மாதக்கணக்காகக் கிடந்து, குளிர்காலம் வந்தபோது தோற்றுத் திரும்பினார்கள். ஆசிரியப் பணியை அவர் பெரிய விருப்பத்தோடு ஏற்றதாகத் தெரியவில்லை. சுரங்கக் குடியிருப்பில் படித்துவிட்ட ஒரு பெண்ணுக்குக் கண்ணெதிரே இருந்த மாதச் சம்பளம் அதுதான். அந்தச் சம்பளம் வீட்டுக்கும் வேண்டியிருந்தது. எனவே கதவடைப்பால் வாடிய அதே ஊர்களின் குழந்தைகளுக்கு, கிளென்கிரெய்க் என்ற சுரங்கச் சிற்றூரில் அவர் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

இங்கே கேள்விக்கு நேரடித் தொடர்பில்லாத ஒரு செய்தி; ஆசிரியர் இதழுக்கு எழுதுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். நம் ஊரில் பிரம்பு போல, ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் மாணவர்களின் உள்ளங்கையில் அடிக்கத் தடித்த தோல்வார் ஒன்று வைத்திருப்பார்கள். அதன் நுனி இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்திருக்கும். அந்த வாரைச் செய்வதற்குப் பெயர் பெற்ற ஊரே லாக்கெல்லிதான். நாடெங்கும் பிள்ளைகள் அந்த வாரையே "லாக்கெல்லி" என்றுதான் சொல்வார்கள். ஊர்ப்பெயரே அடியின் பெயராகிவிட்டது. எண்பதுகளில் அரசுப் பள்ளிகளில் அடிப்பது தடை செய்யப்படும்வரை அது ஆசிரியரின் மேசையில் இருந்தது. கற்பது என்றால் உள்ளங்கை எரிவது என்று ஒரு நாடு முழுவதும் பழகியிருந்த காலத்தில், அதே ஊரில் பிறந்த ஒருவர், விரும்பியவர்கள் விரும்பிய வயதில் தாமாக வந்து கற்கும் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போட்டார். இதைக் கட்டுரையில் சேர்ப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

1929 மார்ச்சில் வட லேனார்க் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சியின் கையிலிருந்த தொகுதியை 6,578 வாக்கு வேறுபாட்டில் பிடித்து, இருபத்து நான்கு வயதில் அவர் காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். புதிய உறுப்பினரை இரண்டு மூத்த உறுப்பினர்கள் அவைக்குள் அழைத்து வருவது அங்கே மரபு. கட்சித் தலைமையின் விருப்பத்துக்கு விடாமல், சுரங்கத் தொழிலாளர் தலைவர் இராபர்ட் ஸ்மைலியையும் ஜேம்ஸ் மாக்ஸ்டனையும் அவரே தேர்ந்துகொண்டார். மாக்ஸ்டன் உங்கள் தொடருக்கு உரிய இன்னொருவர்: கிளாஸ்கோவில் ஆசிரியராக இருந்தவர், முதல் உலகப் போரை எதிர்த்துப் பேசியதற்காக 1916இல் சிறை சென்று வேலையை இழந்தவர், 1922 முதல் இறக்கும்வரை பிரிட்ஜ்டன் தொகுதியின் உறுப்பினர். அவருடைய வாழ்வில் ஆசிரியர் என்ற அடையாளம் ஜென்னி லீயைவிட அழுத்தமாகவே தெரியும்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை

ஐயம் நியாயமானது. நான் சற்றே எதிர்த்திசையில் பேசுவதைப் பொறுத்துக்கொள்ளவும்.

ஜென்னி லீ ஆசிரியர் என்பதால் நாடாளுமன்றத்துக்குப் போனவர் அல்லர். நல்ல மேடைப் பேச்சாளர் என்பதாலும் கட்சிக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதாலும் போனவர். நாடாளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே இதைக் காட்டும். கன்னிப் பேச்சில் யாரையும் தாக்காமல் தொகுதியின் அழகைப் பாடிவிட்டு அமர்வதே வழக்கமாக இருக்க, அவர் நிதியமைச்சராக இருந்த சர்ச்சிலின் நிதிநிலை அறிக்கையை எடுத்த எடுப்பிலேயே கடுமையாகத் தாக்கினார். பள்ளிகளைப் பற்றியோ பாடத்திட்டத்தைப் பற்றியோ பேசும் உறுப்பினராக அவர் அப்போது அறியப்படவில்லை. 1931இல் தோற்றார். அடுத்த ஆண்டு சுயேச்சைத் தொழிற்கட்சி தொழிற்கட்சியிலிருந்து பிரிந்தபோது அதனுடனேயே நின்றார், 1935இலும் தோற்றார், 1943இல் பிரிஸ்டல் இடைத்தேர்தலில் நின்று மீண்டும் தோற்றார். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் இதழ்களுக்கு எழுதியும் அமெரிக்காவில் சொற்பொழிவாற்றியும் பிழைத்தார், பள்ளிக்குத் திரும்பவில்லை. 1934இல் அவர் மணந்த அனயூரின் பெவன் பிற்காலத்தில் தேசிய மருத்துவச் சேவையை உருவாக்கியவர் என்பது எல்லோரும் அறிந்தது. 1945இல் கேனக் தொகுதியில் வென்று 1970வரை அதைத் தக்க வைத்துக்கொண்டார். ஆக, அவரைப் பத்திரிகையாளராக இருந்து நாடாளுமன்றத்துக்கு மீண்டவர் என்று எழுதினால்தான் காலக்கணக்கு சரியாக வரும்.

திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கருத்தும் அவருடையதன்று. மைக்கேல் யங் 1962இல் அதைப் பற்றி எழுதினார். தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்டு வில்சன் 1963 செப்டம்பரில் கிளாஸ்கோவில் பேசியபோது வானொலி, தொலைக்காட்சி வழியாகக் கற்பிக்கும் "வான்வழிப் பல்கலைக்கழகம்" என்ற திட்டத்தை முன்வைத்தார். பிரதமரான பிறகு வில்சன் அதை லீயிடம் ஒப்படைத்தார்; அவ்வளவுதான். 1964இல் அவருக்கு முதலில் கிடைத்தது கலைத்துறைதான், கல்வித்துறை அன்று. பிரிட்டனில் கலைகளுக்கென்று முதன்முதலாக அமைச்சராக இருந்தவர் அவர். கலை மன்றத்துக்கான அரசு மானியம் அவருடைய காலத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கானது. அந்தப் பெருமையை விட்டுவிட்டு மூன்றாண்டு வகுப்பறையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா என்பதே என் கேள்வி.

மறுமொழி: சாக்குக்கட்டி

முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பெடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை ஐயா அடுக்கிய ஆண்டுகளில் எனக்கு மறுப்பில்லை. கருத்து வேறொருவருடையது என்பதும் உண்மையே. ஆனால் வில்சன் முன்வைத்த திட்டத்துக்கும் 1971 சனவரியில் பாடம் நடத்தத் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கும் இடையில் ஒரு பெரிய மாற்றம் நடந்திருக்கிறது. அந்த மாற்றத்தில்தான் நான் ஆசிரியரைப் பார்க்கிறேன்.

வில்சன் முதலில் கற்பனை செய்தது, ஏற்கெனவே இருக்கும் பல்கலைக்கழகங்களும் ஒளிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டு ஏற்பாடு. கல்வித்துறை அதிகாரிகளோ அதை முதியோர் கல்வியின் ஒரு கிளையாக்கி, மாலை வகுப்புகளோடு சேர்த்துவிட்டால் போதும் என்ற மனநிலையில் இருந்தார்கள். ஜென்னி லீ இரண்டையும் ஏற்கவில்லை. 1965இல் ஆலோசனைக் குழு அமைத்தபோது, அமைச்சர் வெளியில் நிற்பதே வழக்கமாக இருந்தும், தாமே அதற்குத் தலைமை ஏற்றார். 1966 பிப்ரவரியில் வந்த வெள்ளை அறிக்கையில் தரத்தில் எந்தச் சமரசமும் இல்லை என்பது திட்டவட்டமாக எழுதப்பட்டது. தனக்கென்று சாசனம் உடைய, தானே பட்டம் வழங்குகிற, மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு நிகரான முழுப் பல்கலைக்கழகம் வேண்டும்; ஆனால் உள்ளே வர எந்த முன்தகுதியும் கேட்கக் கூடாது. வாயிலில் தடை இல்லை, வெளியேறும் இடத்தில் சலுகை இல்லை. இந்த இரண்டையும் ஒருசேரக் கேட்பது அன்று பலருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் கிளென்கிரெய்க் பள்ளிதான் நினைவுக்கு வருகிறது. இதை நான் ஆவணத்தை வைத்துச் சொல்லவில்லை. அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். ஏழைப் பிள்ளைகளின் வகுப்பில் நின்ற எவருக்கும் ஒரு செய்தி சில மாதங்களிலேயே புரிந்துவிடும்: "இவர்களுக்கு இது போதும்" என்ற சொல்லைப் போல அந்தப் பிள்ளைகளைக் கீழே தள்ளுவது வேறொன்றும் இல்லை. அதைச் சொல்பவர் பெரும்பாலும் இரக்கம் உள்ளவராகவே இருப்பார் என்பதுதான் இதில் வேதனை. தன்னோடு ஒரே தெருவில் வளர்ந்த பிள்ளைகள் பதினான்கு வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்தில் இறங்க, தான் மட்டும் பல்கலைக்கழகம் போய்த் திரும்பி அவர்களுடைய தம்பி தங்கைகளுக்குப் பாடம் நடத்திய ஒருத்திக்கு, அது மூன்றாண்டில் தெரியவில்லை என்றால் முப்பதாண்டிலும் தெரிந்திருக்காது.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் கடைசியில் நான் அஞ்சல்வழியில் முதுகலை படித்தேன். எந்த நிறுவனம் என்று சொல்ல வேண்டியதில்லை. பாடக்குறிப்புகளில் இறுதிக் கட்டு, தேர்வு முடிந்து ஒன்பது நாள் கழித்துத் தபால்காரர் கையில் வந்தது. பிரிக்காமல் இன்னும் வைத்திருக்கிறேன். அஞ்சல்வழியில் படிப்பவனுக்கு இது போதும் என்று எங்கோ ஒரு மேசையில் யாரோ முடிவு செய்திருக்கிறார். ஜென்னி லீ எதற்காக அவ்வளவு சண்டை போட்டார் என்பது எனக்கு அந்தக் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் விளங்கும்.

ஜென்னி லீ எழுப்பிய பல்கலைக்கழகத்தில் நடந்தது வேறு. முதல் ஆண்டில் நான்கு அடிப்படைப் பாடங்கள்: கலைத் துறைகள், சமூக அறிவியல், கணிதம், அறிவியல். பாடங்களைத் தனியொருவர் எழுதாமல், பாட வல்லுநர்களும் ஒளிபரப்புத் தயாரிப்பாளர்களும் ஒரு குழுவாக அமர்ந்து உருவாக்கினார்கள். அறிவியல் மாணவர்களுக்குச் சிறிய நுண்ணோக்கி உட்பட ஆய்வுக் கருவிகள் அடங்கிய பெட்டியே தபாலில் வீட்டுக்கு வந்தது. சமையலறை மேசைதான் ஆய்வுக்கூடம். கோடையில் ஒரு வாரம் வேறொரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படிக்க வேண்டும். ஆறு பாட அலகுகள் தேறினால் பட்டம்.

இப்போது கேள்வி கேட்ட அம்மாவுக்கு உதவக்கூடிய செய்தி. 1971இல் சேர்ந்த ஏறத்தாழ 24,000 பேரில், தொழில்வாரியாகப் பார்த்தால் மிகப் பெரிய கூட்டம் பள்ளி ஆசிரியர்கள்தாம். பயிற்சிச் சான்றிதழோடு பணியில் சேர்ந்து பட்டம் இல்லாமலேயே கற்பித்துக்கொண்டிருந்தவர்கள் அன்றைய பிரிட்டனில் ஏராளம்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை

சாக்குக்கட்டி ஐயா சொன்ன கடைசிச் செய்தி என் பக்கத்துக்கும் வலுச் சேர்க்கும் அல்லவா? சுரங்கத் தொழிலாளிக்காகக் கதவைத் திறந்தார். உள்ளே வந்தது ஆசிரியர். தொடக்க ஆண்டுகளில் உடலுழைப்புத் தொழிலாளர்கள் மிகக் குறைவாகவே சேர்ந்தார்கள் என்று அப்போதே குறை சொல்லப்பட்டது. ஆயினும் வெள்ளை அறிக்கையைப் பற்றி நீங்கள் எழுதியதை ஏற்கிறேன். கருத்தைச் சொன்னவரைவிட அதைத் தரம் குறையாமல் கட்டி முடித்தவருக்கே கூடுதல் பங்கு உண்டு.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். கட்டியது அவர் என்றால், காப்பாற்றியதில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவருக்கும் பங்கு இருக்கிறது. 1969இல் அரச சாசனம் கிடைத்தது; 1970 சூனில் தொழிற்கட்சி தோற்றது; லீயும் கேனக்கில் பேட்ரிக் கார்மாக்கிடம் தோற்றார். புதிய அரசில் இந்தத் திட்டத்தை வெட்டிவிட வேண்டும் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அப்போது கல்வி அமைச்சராக வந்து அதைத் தொடர அனுமதித்தவர் மார்கரெட் தாட்சர். தாம் கட்டிய பல்கலைக்கழகம் முதல் மாணவரைச் சேர்த்தபோது ஜென்னி லீ பதவியிலும் இல்லை, காமன்ஸ் சபையிலும் இல்லை. பிரபுக்கள் சபையில் உறுப்பினராக்கப்பட்டிருந்தார்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. சாக்குக்கட்டி ஐயா, உங்கள் பிரிக்காத பாடக்கட்டைப் படித்துச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எனக்கும் அதுபோல ஒரு உறை உண்டு, ஆனால் பிரித்துவிட்டேன்.

இன்னும் ஒரு சிறு ஐயம். 1929இல் அவர் வெற்றி பெற்றபோது அவருக்கே வாக்குரிமை இல்லை என்று ஓரிடத்தில் படித்தேன். இது மெய்தானா? வேட்பாளராக நிற்கலாம், வாக்களிக்கக் கூடாது என்பது எப்படி முடியும்?

மறுமொழி: பனியூரான்

மெய்தான் அம்மா. பிரிட்டனில் 1918இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று முப்பது வயது நிரம்பி, சொத்து சார்ந்த சில தகுதிகளும் உடைய பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. மற்றொன்று இருபத்தொரு வயது முதலே பெண்கள் நாடாளுமன்ற உறுப்பினராகலாம் என்றது. ஆகவே பத்தாண்டுக் காலம் இந்த விசித்திரம் நீடித்தது. 1928 சூலையில் ஆண்களைப் போலவே பெண்களுக்கும் இருபத்தொரு வயதில் வாக்குரிமை என்று சட்டமாகிவிட்டது என்றாலும், அதன்படி தயாரித்த புதிய வாக்காளர் பட்டியல் 1929 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. இடைத்தேர்தல் நடந்தது மார்ச்சில். எனவே வட லேனார்க்கில் வாக்களித்தவர்களின் பட்டியலில் அவருடைய வயதுப் பெண் ஒருவரும் இல்லை. மே மாதக் கடைசியில் நடந்த பொதுத்தேர்தலில்தான் அவர்களுக்கு வாய்ப்பு வந்தது. அதிலும் அவர் வென்றார்.

இதோடு சேர்த்து இரண்டு நடைமுறைச் செய்திகளையும் கவனியுங்கள். 1911க்கு முன் பிரிட்டனில் நாடாளுமன்ற உறுப்பினருக்குச் சம்பளமே கிடையாது. அந்த ஆண்டு முதல் ஆண்டுக்கு 400 பவுண்டு தரப்பட்டது; ஜென்னி லீ நுழைந்தபோதும் அதே தொகைதான். அது இல்லாவிட்டால், சம்பளத்தை நம்பி வாழும் ஓர் ஆசிரியை வேலையை விட்டுவிட்டு இலண்டனில் குடியிருக்க நினைத்தே பார்த்திருக்க முடியாது. இன்னொன்று, அக்காலத்தில் பிரிட்டனின் பல கல்வி நிர்வாகங்களில் திருமணமான ஆசிரியைகள் வேலையை விட வேண்டும் என்ற விதி இருந்தது. நாடாளுமன்ற உறுப்பினருக்கு அப்படி ஒரு விதி இல்லை. பள்ளியிலேயே இருந்திருந்தால், 1934இல் பெவனை மணந்த நாளோடு அவருடைய ஆசிரியப் பணி முடிந்திருக்கக்கூடும்.

வைகைக்கரை

மிக்க நன்றி ஐயா. அவர் எத்தனை ஆண்டு கற்பித்தார் என்பதை மறைக்காமல் முதல் பத்தியிலேயே எழுதிவிடுகிறேன். ஐதராபாத்தில் 1982இலும் தில்லியில் 1985இலும் பிறகு 2002இல் தமிழ்நாட்டிலும் தோன்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களின் முன்மாதிரி எங்கே பிறந்தது என்பதைக் கடைசியில் சேர்க்கிறேன். மாக்ஸ்டன் அதற்கடுத்த இதழில் வருவார். தோல்வார் பற்றிய பத்தியையும் விடப்போவதில்லை; எங்கள் இதழைப் படிப்பவர்களில் பலர் பிரம்பைக் கீழே வைத்து அதிக நாள் ஆகவில்லை.